முறத்துச் சாம்பார்

மாமல்லபுரத்தில் பஸ் கிளம்பி, உளிச்சத்தம் பின்னால் போய், சவுக்குத் தோப்புகள் கண்ணில் படத் தொடங்கிய நேரம். காலடியில் இருந்த என் பையின் வாயை யாரோ இரண்டு விரலால் விலக்கிப் பார்ப்பது தெரிந்து திரும்பினேன்.

“கத்தரிக்கா எவ்ளோ சார் போட்டான்?”

பார்த்துப் பத்து வருஷம் இருக்கும். நல்லா இருக்கீங்களா என்பது இல்லை. பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது இல்லை. தலை ஏன் இப்படி வெளுத்துவிட்டது என்பதுகூட இல்லை. நேராகக் கத்தரிக்காய். அந்தக் கேள்வியால்தான் அவரை அடையாளம் கண்டேன். முகத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்க மாட்டேன், முகம் இளைத்திருந்தது. கேள்வி இளைக்கவில்லை.

மடியில் செய்தித்தாள் சுற்றிய அகலமான எதையோ வைத்திருந்தார். காலருகே பச்சையும் வெள்ளையுமாய்ப் பின்னிய ஒயர்க் கூடை. அந்த நாளில் காய் வாங்கி வந்த அதே கூடைதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அதே நிறம்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் நாங்கள் வேலை பார்த்த அந்த மீனவக் குப்பத்தில் யாருக்கும் தெரியாது. ஊருக்கு அவர் சத்துணவு டீச்சர். பாடம் நடத்தாத டீச்சர். பள்ளியில் மத்தியானச் சோற்றுக்குப் பொறுப்பாளர்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் அந்தப் பள்ளியில் நான் வாத்தியார். வீடு செங்கல்பட்டில். வாரநாட்களில் கடப்பாக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அங்கிருந்து கொஞ்ச தூரம் பஸ்ஸில் போய், மணலில் நடந்தால் பள்ளி. ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர் தெரியும். ஓட்டுக் கட்டடம், வேப்பமரம், பின்பக்கம் புகை படிந்த சமையல்கூடம். உப்பங்கழிக் காற்று ஓயாது. கரும்பலகையில் எழுதியதை மத்தியானத்துக்குள் ஈரமாக்கிவிடும், சுவரைத் தின்னும், மனிதரை மட்டும் கெட்டிப்படுத்தும். அல்லது அவரைப் பார்த்து எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ.

சத்துணவின் கணக்கு எளிமையானது. அரிசி, பருப்பு, எண்ணெய் அரசாங்கமே அனுப்பிவிடும். காய்க்கும் புளி மிளகாய்க்கும் விறகுக்கும் மட்டும் ஒரு பிள்ளைக்கு இத்தனை பைசா என்று காசு வரும். அந்தப் பைசாவை எப்போதோ யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள். அதன்பிறகு சந்தை எழுந்து நடந்து போய்விட்டது. பைசா அதே மேசையில் உட்கார்ந்திருந்தது. சவுக்கு விறகு ஏறினால் கத்தரிக்காய் குறையும். மிளகாய் ஏறினால் முருங்கை குறையும். எல்லாம் ஒரே சுருக்குப்பையிலிருந்து போக வேண்டும்.

ஆகவே அவர் விலை கேட்டார். வாங்கும்போது எல்லோரும் கேட்பார்கள். அவர் வாங்காதபோதும் கேட்டார். பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் பையைப் பார்த்துக் கேட்பார். எதிரே சைக்கிளில் கீரைக்கட்டு போனால், நிறுத்திக் கேட்பார். காய்ச்சலில் படுத்திருந்த என்னைப் பார்க்க ஒரு முறை அறைக்கு வந்தவர், மேசைமேல் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்து, “இது எவ்ளோ?” என்று கேட்டுவிட்டுத்தான் உடம்பைப் பற்றி விசாரித்தார்.

தலைமையாசிரியர் மகளுக்குச் செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பந்தியில் டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாம்பார் விழுந்தது. முருங்கைக்காயை எடுத்தவர் கடிக்கவில்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“என்ன டீச்சர், புழுவா?”

“நல்ல காய் சார். இந்த மாசத்துல இவ்ளோ கனமா எங்க எடுத்தான்?”

பரிமாறுகிறவனைக் கேட்டார். அவன், “அதெல்லாம் உள்ள மாஸ்டருக்குத்தான் தெரியும், நீ சாப்புடும்மா” என்று ரசத்துக்குப் போய்விட்டான். இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்து சமையல்கட்டுக்குள் போனவர், பாயசம் இரண்டாம் முறை வந்தபோதும் திரும்பவில்லை. வந்தபோது முகத்தில் ஒரு தீவிரம்.

“மொத்தமா எடுத்தா எறங்குது சார். நம்ப மாதிரி தெனம் எடுக்கறவங்க தலைலதான் ஏறுது.”

வாசலில் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர் கேட்டார். “ஏம்மா, பொண்ணு மாப்பிள்ளைய வாழ்த்துனியா?”

“அடடா” என்று திரும்பவும் உள்ளே ஓடினார்.

இதை வைத்து ஊரில் அவரைக் கிண்டல் செய்வார்கள். சமையல் செய்யும் கன்னியம்மாதான் முதல் ஆள். “டீச்சரு செத்து மேல போனாக்கூட எமன்கிட்ட எருமை இன்னா வெலைன்னு கேக்கும்.” இவரும் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, “நெஜமா இப்ப எருமை இன்னா வெல போவுது கன்னிம்மா?” என்பார்.

ஆனால் விலை தெரிந்து என்ன செய்வது. அது எல்லாச் சத்துணவு டீச்சருக்கும்தான் தெரியும். சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் ஒரு வழியும் தெரியும். அதற்குத் ‘தலை ஏத்துறது’ என்று பெயர். இன்றைக்கு வராத பிள்ளையும் வந்து சாப்பிட்டதாகக் காட்டிவிடுவது. அந்தத் தலைகளுக்கு வரும் காசு, வந்த தலைகளின் சாம்பாரில் காயாக விழும். திருட்டு என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. பல இடங்களில் அது இரக்கத்தால் நடந்தது. பிள்ளைகள் தட்டில் காய் விழ வேண்டும், அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர், பயந்த மனிதர். ஓய்வு பெறும் நாள் பக்கத்தில் இருந்தது. அவரே ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நாலு தல ஏத்திக்கயேம்மா. ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே. யாரு வந்து எண்ணப்போறா?”

“எண்ணமாட்டாங்க சார். அதான் பயம்.”

“என்ன பயம்?”

“வராத புள்ள சாப்ட்டான்னு நான் சொல்லிட்டா, வந்த புள்ளைக்குக் காய் பத்தலன்னு மேல யாருக்குத் தெரியும்? காசு சரியாத்தான கீதுன்னு நெனச்சிக்குவாங்க. அவங்களுக்குக் கண்ணுல படணும் சார்.”

கண்ணுல படணும். இதை அவர் வாயிலிருந்து எத்தனை முறை கேட்டிருப்பேன். மற்றவர்கள் சாமி பெயர் சொல்லும் இடத்தில் அவர் இதைச் சொல்வார்.

வெங்காயம் ஏறி நாடே அதைப் பற்றிப் பேசிய ஓர் ஐப்பசியில் முறம் வெளியே வந்தது. காலைப் பஸ்ஸில் கடப்பாக்கத்திலிருந்து காய் வாங்கி வருவார். வந்ததும் நேராகச் சமையல்கூடத்துக்குப் போகாமல், அதை முழுதாக, நறுக்காமல், ஒரு முறத்தில் பரப்பிப் பள்ளித் தாழ்வாரத்துப் படியருகே வைத்துவிடுவார். பிள்ளைகள் உள்ளே போகும் வழி அது. பிள்ளையை விட வரும் தாய்மார் நிற்கும் இடமும் அதுதான். மணி அடித்துப் பிரார்த்தனை முடிந்த பிறகுதான் முறம் பின்பக்கம் போகும், அரிவாள்மணை முன்னால் உட்காரும்.

“இன்னா டீச்சர், காய்க்கு வெயில் காட்றியா?” என்று கேட்டாள் கன்னியம்மா.

“ஊருக்குக் காட்றேன்.”

அவ்வளவுதான் அவர் செய்தது. இன்றைய காசுக்கு இன்றைய சந்தையில் கிடைத்தது இது. எழுத்து இல்லை, எண் இல்லை. எழுதப்படிக்கத் தெரியாத ஊருக்கு ஒரு முறம். முதல் வாரம் காய் முறத்தின் விளிம்பைத் தொட்டது. பிறகு விளிம்பு தெரிந்தது. பிறகு பக்கங்கள். கார்த்திகை மழையில் ஒருநாள் சாணி மெழுகிய மூங்கில் பின்னல் நடுவிலேயே தெரிந்தது. கத்தரிக்காய்கள் ஒன்றையொன்று தேடுவதுபோலத் தள்ளித் தள்ளிக் கிடந்தன. என் வகுப்புப் பிள்ளைகள் அதை வைத்தே நாளுக்குப் பெயர் வைத்தார்கள். “இன்னிக்கு அடி தெரியற நாளு சார்” என்பான் ஒருவன் வருகைப்பதிவின்போது, காற்றழுத்தம் சொல்வதுபோல.

கன்னியம்மாவால் அது தாங்கவில்லை. தன் வீட்டு முருங்கையில் பறித்த காய்களைக் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது முறத்தில் செருகினாள். டீச்சர் பார்த்துவிட்டார். ஒவ்வொன்றாய் உருவி அவள் கையில் கொடுத்தார்.

“ஏன், எங்கூட்டு முருங்கக்கா கசக்குமா?”

“கசக்காது. சாம்பார்ல போடு. முறத்துல போடாத.”

“ரெண்டும் ஒரே வயித்துக்குத்தான போவுது?”

“வயித்துக்குப் போவட்டும். கண்ணுக்குப் போவக்கூடாது.”

கன்னியம்மா முணுமுணுத்துக்கொண்டே முருங்கையைப் பின்வாசலுக்கு எடுத்துப் போனாள். அன்றிலிருந்து அது வழக்கமானது. யாராவது ஏதாவது கொடுத்தால் பின்வாசல். முறம் மட்டும் தொடக்கூடாதது. ஆனால் ஒரு குப்பத்தில் எத்தனை வீட்டில் மரம் இருக்கும், எத்தனை நாள் காய்க்கும். பல நாட்களில் பின்வாசலும் காலிதான். அந்த நாட்களில் சாம்பாரில் பருப்பும் புளியும் மட்டும் இருக்கும், கரண்டி போட்டால் அடிவரை போய்வரும்.

அப்படி ஒருநாள்தான் அஞ்சலை வந்தாள். மீன் விற்கிறவள், குரலுக்குக் காசு வாங்கமாட்டாள். அவள் மகன் மூன்றாம் வகுப்பு. தாழ்வாரத்தின் நடுவில் நின்றுகொண்டாள்.

“எம்புள்ளைக்குத் தண்ணி ஊத்திட்டு, இங்க முறத்தக் காட்டிக்கினு இன்னா கூத்து இது? பக்கத்து ஊரு பள்ளிக்கூடத்துல காய் கீதே. அங்க எப்பிடி வருது? உனுக்கு மட்டும் ஏன் வரல? நீ துன்னுட்டியா?”

வகுப்புகள் எல்லாம் நின்றுவிட்டன. நானும் சாக்பீஸோடு வாசலுக்கு வந்துவிட்டேன். உண்மையில் அஞ்சலை கேட்டது எனக்கும் உள்ளே இருந்த கேள்வி. பிள்ளையின் தட்டை வைத்து இவர் எதையோ நிரூபிக்கிறார் என்று சில நாள் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. நிரூபித்துவிட்டுப் போகட்டும், அதற்குள் அந்தப் பிள்ளை வளர்ந்துவிடுமே.

டீச்சர் முறத்தின் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டார்.

“நியாயமான கோவம் அஞ்சல. அத்த எங்கிட்டயே எறக்கி வெச்சிட்டுப் போயிடாத. ஒன்றியத்து ஆபீசுக்குக் கூட வரியா?”

“மீனு வாடையோட ஆபீசுக்கா?”

“வாடையோடதான் வரணும்.”

அஞ்சலை வரவில்லை. இவர் போனார். சத்துணவு டீச்சர்கள் எல்லோரும் கூடும் மாதக் கூட்டம் அது. அங்கே நடந்ததை மறுநாள் பஸ்ஸில் என்னிடம் சொன்னார். எழுந்து நின்று, காய் விலை ஏறிவிட்டது, வரும் காசு போதவில்லை என்றிருக்கிறார். அதிகாரி கூட்டத்தைப் பார்த்து, வேறு யாருக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள், எல்லோரும் தலை ஏற்றியிருந்தார்கள். காசு போதவில்லை என்று சொன்னால், இத்தனை நாள் எப்படிப் போதியது என்ற கேள்வி வரும்.

“உங்களுக்கு மட்டும்தான் விலை ஏறுதாம்மா?” என்றிருக்கிறார் அதிகாரி. “சரி, புதன்கிழமை நானே வந்து பாக்கறேன். அங்க காய் வாங்காம இருந்தது தெரிஞ்சா வேலை போயிடும். அதையும் சொல்லிடறேன்.”

“பயமா இல்லையா டீச்சர்?” என்றேன்.

ஜன்னல் வழியாக உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். வெள்ளை வெள்ளையாய்க் குவியல்கள். “வந்து பாக்கறேன்னுட்டாரு சார். இத்தினி வருஷத்துல இப்பதான் ஒருத்தர் பாக்கறேன்னு சொல்லிருக்காரு” என்றார். பயந்தாரா இல்லையா என்பதற்கு அது பதில் இல்லை. அவரிடம் நமக்குக் கிடைக்கும் பதில் அப்படித்தான் இருக்கும்.

புதன்கிழமை காலை நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் இறங்கி மணலில் நடந்தோம். ஒயர்க் கூடையில் அன்றைய காசுக்குக் கிடைத்த காய். கூடை கனக்கவில்லை என்பது அவர் வீசி நடந்த வேகத்திலேயே தெரிந்தது.

பள்ளித் தாழ்வாரத்தில் கூட்டம். முறத்தைக் காணவில்லை. முறம் இருக்கும் இடத்தில் ஒரு மலை இருந்தது. பூசணி, கத்தரி, வெண்டை, கட்டுக்கட்டாய் முருங்கை, ஒரு வாழைக்குலையே அப்படியே. உச்சியில் ஒரு தர்பூசணி. சாம்பாருக்குத் தர்பூசணி எதற்கு என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அவரவர் வீட்டில் இருந்தது வந்திருந்தது, இல்லாதவர்கள் கடன் சொல்லி வாங்கி வந்திருந்தார்கள். குப்பமே நல்ல புடவை கட்டி நின்றது. முன்னால் அஞ்சலை.

“எப்பிடி டீச்சர்? ஒரு ஆபீசர் இல்ல, ஒம்போது ஆபீசர் வந்தாலும் வாயத் தொறக்கமாட்டான்.”

டீச்சர் கூடையைக் கீழே வைத்தார். காற்று அவர் முந்தானையை அடித்துக்கொண்டிருந்தது. அதை இழுத்துச் செருகக்கூட இல்லை.

“யாரு செய்யச் சொன்னது?”

“யாரு சொல்லணும்? உன் வேல போவும்னு ஹெச்செம் சாரு சொன்னாரு.”

தலைமையாசிரியர் வேப்பமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“இத்தப் பாத்தா அவரு இன்னா எழுதுவாரு அஞ்சல?”

“காய் நல்லா கீதுன்னு எழுதுவாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, பூடுவாரு.”

“பூடுவாரு. காசு ஏறாது. நாளைக்கும் பூசணிக்கா தூக்கிகினு வருவியா? நாளன்னிக்கு? உங்கூட்டுக் கூரையில எத்தினி காய்க்கும்?”

அஞ்சலை தர்பூசணியைப் பார்த்தாள்.

“அவங்கவங்க வெச்சத அவங்கவங்க எடுத்துக்கங்க. சீக்கிரம். ஜீப்பு வர்ற நேரம்.”

“வேல போச்சுன்னா இன்னா பண்ணுவ?”

“இதாண்டி என் வேல.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் யாராவது வாதாடியிருப்பார்கள். ஒருத்தி குனிந்து தன் வெண்டைக்காயை மடியில் அள்ளினாள். வாழைக்குலை தோளுக்கு ஏறியது. மலை கரையத் தொடங்கியது. அஞ்சலை பூசணியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினாள், சவுக்குத் தோப்பு முனையில் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி கண்ட காட்சி இதுதான். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஊர் முழுக்கக் காய்கறியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறது.

“நில்லு. எங்கே எடுத்துட்டுப் போற?”

“எங்கூட்டுக்கு” என்றாள் அஞ்சலை.

“யாரோட காய் அது?”

“எங்க காய்.”

“ஸ்கூல்லேர்ந்து தூக்கிட்டு வர, உன் காயா?” அவர் தலைமையாசிரியரைப் பார்த்தார். “இதனாலதான் உங்க ஸ்கூல்ல காய் பத்தலையா?”

தலைமையாசிரியர் மறுபடி வேப்பமரத்துக்குத் திரும்பினார். ஒரு நிமிஷத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. வேலையைக் காப்பாற்ற வந்த காய், வேலைக்கு உலை வைக்கப் போனது.

டீச்சர் மட்டும் குனிந்து, காலியான முறத்தில் தன் கூடையைக் கவிழ்த்தார். காய்களைத் தள்ளித் தள்ளிப் பரப்பினார், தினமும் செய்வதுபோல. நிமிர்ந்தார்.

“அவங்க போவட்டும் சார். நீங்க இங்க பாருங்க. இன்னிக்குக் காசுக்கு வந்தது இவ்ளோதான்.”

“அப்ப அது?”

“அது நீங்க வர்றீங்கன்னு வந்துச்சு.”

அஞ்சலை திரும்பி வந்து, பூசணியை ஜீப்பின் முகப்பில் இறக்கி வைத்தாள். “சாரு, அவங்களுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு நாங்களா கொண்டாந்து வெச்சோம். வேணாங்கறாங்க. இந்தம்மாவ வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னு எங்களுக்கே தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லு.”

அதிகாரி சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா, முகம் காட்டவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, கடப்பாக்கம் கடையில் விலை கேட்டுவரச் சொன்னார். நாற்காலியைத் தாழ்வாரத்திலேயே போடச் சொல்லி முறத்துக்கு எதிரே உட்கார்ந்தார். டிரைவர் திரும்பிவந்து காதில் ஏதோ சொன்னான். அதிகாரி தலையாட்டினார். கிளம்பவில்லை.

மத்தியானம் அவருக்குத் தட்டு வைத்தார்கள். சோறு, சாம்பார். சாம்பாரில் பூசணித் துண்டுகள், முருங்கை, கத்தரி. முன்வாசலில் திருப்பி அனுப்பிய காய் பின்வாசல் வழியாக வந்து சேர்ந்திருந்தது. தர்பூசணி மட்டும் பிள்ளைகளிடம் பறிபோயிருந்தது.

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவர் சொன்னார். “சாம்பார் நல்லாத்தானேம்மா இருக்கு.”

“இது ஊரு சாம்பார் சார்” என்றார் டீச்சர். கன்னியம்மா ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து நீட்டினாள். ஊர்க்காயைக் கொட்டுவதற்கு முன்பே மொண்டு தனியாக வைத்தது. டீச்சர் அதை வாங்கினார். “இது முறத்துச் சாம்பார். இத்தையும் ஒரு வாய் பாத்துருங்க.”

தட்டில் ஊற்றினார். அது சோற்றின் நடுவே நிற்காமல் ஓடி விளிம்பில் போய்ச் சேர்ந்தது. ஒரே ஒரு கத்தரித் துண்டு கூடவே போனது. அதிகாரி அதைப் பிசைந்து சாப்பிட்டார். முழுவதும் சாப்பிட்டார், அதைச் சொல்ல வேண்டும். கை கழுவிவிட்டு வந்து நின்றவரின் குரல் காலையில் கேட்ட குரல் இல்லை.

“நான் என்னம்மா எழுதறது? காய் இல்லைன்னு எழுதினா நீ வாங்கலைன்னு ஆகும். காய் இருந்துச்சுன்னு எழுதினா விலை ஏறலைன்னு ஆகும். எனக்கு மேல இருக்கறவங்க காகிதத்தைத்தான் பாப்பாங்க.”

டீச்சர் யோசித்தார். பிறகு தூக்குவாளியின் மூடியை அழுத்தி, டிரைவர் பக்கத்துச் சீட்டில் கொண்டுபோய் வைத்தார்.

“அப்ப இதையும் காகிதத்தோட வெச்சிருங்க சார்.”

“என்னம்மா இது. போய்ச் சேர்றதுக்குள்ள கெட்டுடும்.”

“கெடறதுக்குள்ள போய்ச் சேருங்க சார்.”

அதிகாரி ஜீப்பில் ஏறினார். வாளியை இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். எடுத்தார். சாய்ந்து சிந்திவிடாமல் தன் இரண்டு காலுக்கும் நடுவே வைத்துக்கொண்டார். ஜீப் மணலில் உறுமி, சவுக்குத் தோப்பைத் தாண்டி, உப்பளத்து ஓரமாய்ப் போனது. மெல்லத்தான் போனது. பள்ளத்தில் எல்லாம் நிதானமாய் இறங்கி ஏறியது.

“என் தூக்கு” என்றாள் கன்னியம்மா.

அந்தத் தூக்கைப் பற்றியே அவள் மாதக்கணக்கில் பேசினாள். ஒருநாள் டிரைவர் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவன் கொடுத்துவிட்டுப் போனான். கழுவி இருந்தது. மூடி இல்லை. டீச்சர் அவனிடம் கேட்டார்.

“யாராச்சும் சாப்ட்டாங்களாப்பா?”

“அது தெரியாதும்மா. எங்க சாரு மேலதிகாரி மேசமேல வெச்சி மூடியத் தொறந்தாரு. ரூம் பூரா வாடை. அத்தோட நான் வெளிய வந்துட்டேன்.”

“மேசைக்குப் போச்சா.”

“போச்சு.”

“போதும்” என்றார். அவர் வேலை போகவில்லை. அந்த அதிகாரி எங்கோ மாற்றலாகிப் போனார்.

பிள்ளைக்கான பைசா பிறகு ஏறியது. அந்த வாளியால்தான் ஏறியது என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கெங்கோ யார் யாரோ கேட்டிருப்பார்கள். ஏறிய காசில் முதல் காய் வந்த அன்று தாழ்வாரத்தில் ஒரு திருவிழா முகம். முறம் விளிம்புவரை நிறைந்திருந்தது. அஞ்சலை வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள், குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனாள். மறுநாளும் முறம் வெளியே வந்தபோது கன்னியம்மா கேட்டாள்.

“அதான் காசு ஏறிச்சே. இன்னும் இன்னாத்துக்கு இத்தத் தூக்கிகினு அலையற?”

டீச்சர் காய்களைப் பரப்பிக்கொண்டிருந்தார். “வெல நின்னுடுச்சா?”

நான் அந்தப் பள்ளியை விட்டுப் போகும்வரை முறம் உள்ளே போகவில்லை.

இதையெல்லாம் பஸ்ஸில் நான் அவரிடம் பேசவில்லை. இப்போது எனக்கு வீடு படூரில், நாலாவது மாடியில். கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் பையை வாங்கிக்கொள்ளும் ஆளாகியிருந்தேன். கத்தரிக்காய் விலையைச் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. சொன்னேன்.

அவர் மடியிலிருந்த செய்தித்தாள் பொட்டலத்தின்மேல் உள்ளங்கையைக் குறுக்காக நிறுத்தினார். ஒரு விரலை மடக்கினார். இன்னொன்றையும் மடக்கினார்.

“அப்ப இப்ப கொடுக்கற காசுக்கு இவ்ளோதான் சார் வரும்” என்று மீதி விரல்களின் உயரத்தைக் காட்டினார். “அடி தெரியும்.”

ஓய்வு பெற்று இரண்டு வருஷமாம். கோவளத்தில் தங்கை வீட்டுக்குப் போகிறாராம். டிக்கெட்டும் கோவளம் வரைக்கும் எடுத்திருந்தார். ஆனால் திருவிடந்தை வரும்போது எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இங்க எறங்கறீங்களா?”

“இங்க ஒரு பள்ளிக்கூடம் கீது சார். போன வாரம் பாத்தேன். நல்ல பொண்ணு, புதுசா வேலைக்கு வந்திருக்குது. காய வாங்கியாந்து நேரா உள்ளார எடுத்துனு போயிடுது.”

கண்டக்டர் விசில் கொடுத்தான். “ஏம்மா, கோவளம் இன்னும் வரல.”

“தெரியும்பா. அடுத்த வண்டில வரேன்.”

இறங்கும்போது கம்பியில் பட்டு செய்தித்தாள் கிழிந்தது. உள்ளே மூங்கில். இன்னும் சாணி மெழுகாத, பச்சை வாசனை போகாத புது முறம். கிழிந்த தாளை உருவி ஒயர்க் கூடையில் திணித்துவிட்டு, வெயிலுக்கு அந்த முறத்தையே தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் இருக்கும் தெருவைப் பார்த்து அவர் வேகமாக நடந்தார்.